1:6-ஆ 1:2-ஆ: கொரோனாவில் ஐசியுவுக்கு மாற்றப்பட்ட இங்கிலாந்து நர்சுகள்

கணக்குப்பிள்ளை:
"ஒரு நர்சுக்கு ஆறு நோயாளி, அதான் மனசு உடைஞ்சு போச்சு"ன்னு வார்டு7 அடிச்சு விட்டிருக்கார். லண்டன் ஐசியுக்களுக்கு 2020 மார்ச்சில் போட்ட ஆள்பலத் திட்டத்தை முழுசாப் படிங்க. ஆறு பேருக்கு ஒரு ஐசியு நர்சு, கூடவே வேற பிரிவு நர்சு ரெண்டு பேர். மூணுக்கு ஆறு. 1:2.

வார்டு7:
அந்த ரெண்டு பேர் நேத்து வரைக்கும் வெளிநோயாளர் பிரிவு. பிபியைத் தாங்கிப் பிடிக்கிற நார்அட்ரினலின் மருந்து சிரிஞ்சு தீரும் முன்னாடியே புதுசைப் பக்கத்துப் பம்பில் ஓடவிட்டு, பிபி ஏறத் தொடங்கினதும் பழசை நிறுத்தணும். இடைவெளி விழுந்தா பிபி சடார்னு இறங்கும். இது பழகாதவரைத் தனியா விட முடியுமா? ஐசியு நர்சு ஆறு நோயாளியோட இந்த ரெண்டு பேர் கையையும் பார்க்கணும். 1:8.

கணக்குப்பிள்ளை:
எட்டா! நர்சையும் படுக்கையில் போட்டுட்டீங்களா? 1:2.

தூயதமிழ்:
செவிலியர் என்று எழுதுங்கள்.

மூச்சுக்குழாய்:
வெண்டிலேட்டர் நோயாளிக்கு வழக்கமே 1:1. 2020 நவம்பரில் என்எச்எஸ் (இங்கிலாந்து அரசு மருத்துவச் சேவை) 1:2 வரை போகலாம்னு சொன்னதே தளர்வுதான். பிள்ளைவாள் கணக்குப்படியே பார்த்தாலும் சுமை ரெட்டிப்பு.
மூச்சு சீராக நோயாளியைக் குப்புறப் படுக்கவைக்கிற குழுவைப் பாருங்க. தலைமாட்டில் ஒருத்தர் வெண்டிலேட்டர் குழாயைப் பிடிக்க, பக்கத்துக்கு ரெண்டு மூணு பேர். எலும்பு சர்ஜன்கூட அதுல நின்னார். ஒரே வேலை, ஒரே தலைவர், குழப்பம் கம்மி. ஷிப்டுக்கு ஷிப்டு வேற படுக்கை, வேற பொறுப்பாளர்னு சுத்தவிட்டா, தப்பு நடந்தா யார் தலை உருளும்னே தெரியாது. பயம் அங்கதான்.

கணக்குப்பிள்ளை:
அது ரோஸ்டர் கோளாறு. ஒரே ஆளை ஒரே படுக்கைத் தொகுதியில் விடு, சொந்தப் பிரிவுக்குத் திரும்புற தேதியை எழுதிக் கொடு, பாதி தீரும். விகிதத்தைக் குறை சொல்லாதீங்க. 1:2.

வார்டு7:
2020 ஜூன், ஜூலையில் 9 மருத்துவமனை, 709 ஐசியு ஊழியர்கிட்ட கேட்டாங்க. 40 சதவீதம் பேர் பிடிஎஸ்டி (அதிர்ச்சிக்குப் பிந்தைய மனப் பாதிப்பு) இருக்கலாம்னு காட்டுற அளவைத் தாண்டினாங்க. டாக்டரைவிட நர்சு மோசம்.

கணக்குப்பிள்ளை:
வினாத்தாள் மதிப்பெண், நோயறிதல் இல்லை. அதுல ஏற்கெனவே ஐசியுவில் இருந்தவர் எத்தனை, மாத்தி வந்தவர் எத்தனைன்னு பிரிச்சுச் சொல்லுங்க. தடுப்பூசி இழையில் பாதியில் ஓடினவர்தானே நீங்க?

வார்டு7:
ஓடினது யாருன்னு அங்க போய்ப் பாருங்க.

தூயதமிழ்:
இன்னும் "நர்சு"தான்.

மூச்சுக்குழாய்:
ஐயா, இங்க பம்ப் அலாரம் அடிக்குது, உங்களுக்கு இலக்கணமா?

தூயதமிழ்:
ஒலிப்பான்.

கணக்குப்பிள்ளை:
பிரிச்சுச் சொல்லச் சொன்னேன், பதில் வரல. மூணுக்கு ஆறு. 1:2.

வார்டு7:
1:8.