பிடித்தம் போனது, பணம் சேரவில்லை: தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்திலிருந்து மூவரின் அனுபவங்கள்

டர்பன், டிஸ்பாட்ச் வேலை:
துறைமுகத்துக்குப் பக்கத்தில் துணி இறக்குமதி செய்யும் கம்பெனி. முதலாளிகள் அண்ணன், தம்பி. கொடுமைக்காரர்கள் இல்லை, தீபாவளிக்கு இனிப்பு டப்பா தவறாமல் வரும். ஆனால் எந்த முடிவை யார் எடுப்பது என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. கன்டெய்னர் வந்திறங்கும். சுங்கவரி கட்டக் கையெழுத்து கேட்டால் அண்ணன் "தம்பியைக் கேள்" என்பார். தம்பி ஜோகன்னஸ்பர்க்கில் இருப்பார், போனை எடுக்கமாட்டார். கன்டெய்னரைத் துறைமுகத்தில் இலவசமாக வைக்கும் நாட்கள் முடிந்ததும் டெமரேஜ், அதாவது தாமதக் கட்டணம், ஏற ஆரம்பிக்கும். அந்த பில் வந்த அன்றுதான் இருவரும் சேர்ந்து ஆபீசுக்கு வருவார்கள், "ஏன் முன்னாடியே சொல்லவில்லை?" என்று எங்களைக் கேட்க. சொன்ன வாட்ஸ்அப் செய்தி நீல டிக்கோடு அப்படியே இருக்கும். எடுத்துக் காட்டினால் எதிர்த்துப் பேசுகிறான் என்று பெயர்.

கணக்குப் பார்த்த அக்கா வேலையை விட்டதும் வேறு ஆள் போடவில்லை, அதுவும் என் தலையில் விழுந்தது. அப்போதுதான் யுஐஎஃப் விஷயம் தெரிந்தது. வேலையின்மைக் காப்பீட்டுக்கு நம் சம்பளத்தில் 1 சதவீதம் பிடிப்பார்கள். கம்பெனி தன் பங்காக இன்னொரு 1 சதவீதம் சேர்த்து அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். பேஸ்லிப்பில் பிடித்தம் மாதாமாதம் ஒழுங்காக இருந்தது, பணம்தான் போய்ச் சேரவில்லை. திருட்டு என்று சொல்லக்கூட எனக்கு மனம் வரவில்லை. கட்டுவது யார் வேலை என்று யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் ஆட்குறைப்பில் போன டிரைவர் அண்ணன் லேபர் சென்டரில் (அரசுத் தொழிலாளர் துறை அலுவலகம்) வரிசையில் நின்று, "உங்கள் பெயரில் ஒன்றுமே இல்லை" என்று கேட்டுத் திரும்பி வந்தாரே, அவரிடம் போய் இதைச் சொல்ல முடியுமா?

நானும் கிளம்பிவிடலாம் என்று பார்க்கிறேன்.

பீனிக்ஸ், பேக்கரி:
எங்களுக்கு ரோஸ்டர், அதாவது யாருக்கு எந்த நாள் வேலை என்ற பட்டியல், சனிக்கிழமை ராத்திரிதான் வரும். தைப்பூசத்துக்கு ஒரு மேனேஜர் லீவு கொடுத்தார், இன்னொருவர் அதே நாளில் என் பெயரைப் போட்டார். காவடிக்கு விரதம் இருக்கிறவள் நான், போகவில்லை. சொல்லாமல் நின்றுவிட்டேன் என்று எச்சரிக்கைக் கடிதம் வந்தது. லீவு கொடுத்தவர் பக்கத்திலேயே நின்றார், வாயே திறக்கவில்லை. எனக்குக் கடிதத்தைவிட அதுதான் ஆறவில்லை.

சாட்ஸ்வொர்த்:
டிஸ்பாட்ச் தம்பி, கிளம்புவதற்கு முன்னால் ஒன்று. பொறுக்க முடியாத நிலையில் ராஜினாமா செய்தாலும் அதைப் பணிநீக்கம் என்றே சிசிஎம்ஏவில் (வேலைத் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் அமைப்பு) வாதிடலாம். 30 நாளுக்குள் மனு போட வேண்டும், கட்டணம் கிடையாது. ஆனால் நிரூபிக்க வேண்டியது நாம்தான், அது லேசுப்பட்டதும் இல்லை. என் தங்கை கோபத்தில் "சொந்தக் காரணங்களுக்காக" என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். பிறகு எதைச் சொன்னாலும் எதிர்த்தரப்பு அந்த வரியையே நீட்டியது. அதனால் காரணத்தைக் கடிதத்திலேயே எழுதுங்கள். பேஸ்லிப், அந்த நீல டிக் செய்திகள் எல்லாவற்றையும் இன்றைக்கே சொந்த மெயிலுக்கு அனுப்பி வையுங்கள். ஆபீஸ் போனைத் திருப்பி வாங்கிக்கொண்டால் போச்சு. அப்புறம், டிரைவர் அண்ணனிடம் பழைய பேஸ்லிப் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அதோடு லேபர் சென்டருக்கே திரும்பப் போய், பிடித்த பணத்தைக் கட்டவில்லை என்று கம்பெனி மேல் புகார் கொடுக்கச் சொல்லுங்கள்.