குடியிருப்புப் பொதுவெளியில் காய்கறித் தோட்டம்: என் வரைபடத்தில் எங்கே தவறு?

கேள்வி: பாத்திவரை

அனைவருக்கும் வணக்கம். நான் சென்னையில் நிலத்தோற்றக் கட்டடக்கலை முதுகலை இறுதியாண்டு மாணவி. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குத் தெற்கே உள்ள ஒரு மறுகுடியமர்வுக் குடியிருப்பின் பொதுவெளியை என் ஆய்வுத் திட்டத்துக்கு எடுத்துக்கொண்டேன். கிழக்கு மேற்காக நீளும் இரண்டு எட்டு மாடி பிளாக்குகளுக்கு நடுவே 32 மீட்டர் அகலமும் 90 மீட்டர் நீளமும் கொண்ட வெற்றிடம் அது. பிளாக்கின் உயரம் ஏறத்தாழ 24 மீட்டர். தரை களிமண், மேலே ஓர் அடிக்குக் கட்டட இடிபாடு. ஐப்பசியில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. சித்திரையில் அதே இடம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது.

தாய்லாந்தின் தம்மசாட் பல்கலைக்கழக மாடித்தோட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டு, தெற்குப் பிளாக்கை ஒட்டிப் படிப்படியாக இறங்கும் 320 சதுர மீட்டர் காய்கறிப் பாத்திகள், அவற்றின் முன்னால் கூடிப் பேசுவதற்கான படிக்கட்டு அரங்கு, சிறுவர் விளையாடும் மணற்பரப்பு ஆகியவற்றை வரைந்தேன். நடுவர் குழு வரைபடங்களைப் பாராட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டது: "மே மாதத்தில் இதற்கு யார் தண்ணீர் ஊற்றுவார்கள்?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அங்குள்ள 41 வீடுகளில் பேசினேன். தோட்டம் வேண்டுமா என்றால் எல்லோரும் வேண்டும் என்கிறார்கள். யார் பார்த்துக்கொள்வீர்கள் என்றால் சிரித்துவிட்டு அடுத்த வீட்டைக் காட்டுகிறார்கள். பாத்திகளின் பரப்பை எதைக் கொண்டு முடிவு செய்வது, இருக்கும் மண்ணைத் திருத்துவதா அல்லது எழுப்பிய பாத்திகள் கட்டுவதா, வேலி வேண்டுமா வேண்டாமா என்ற மூன்றிலும் அனுபவமுள்ளவர்களின் கருத்தைக் கேட்கிறேன். மொட்டை மாடியைப் பயன்படுத்தலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். அதைப் பற்றியும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: வரப்பு

தங்கையே, நடுவர் கேட்டது உங்களை மடக்குவதற்கான கேள்வியன்று. திட்டத்தின் அளவையே அதுதான் முடிவு செய்கிறது. நான் இத்துறையில் 18 ஆண்டுகளாக வேலை செய்கிறேன், இதே கேள்வியை யாரும் என்னிடம் கேட்காததால் ஒரு தோட்டத்தை இழந்தவன். ஓர் அடுக்குமாடி வளாகத்தில் நான் வரைந்த பாத்திகளுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடுவே 60 மீட்டர் தொலைவு, அதற்கிடையில் வண்டிகள் நிறுத்தும் இடம். ரப்பர் குழாயை வண்டிச் சக்கரங்களுக்கு அடியில் இழுத்துப் போக எவருக்கும் மனம் வரவில்லை. ஓராண்டு கழித்துப் போய்ப் பார்த்தபோது கற்றாழை மட்டும் உயிரோடிருந்தது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் என்பது ஒரு லிட்டர். சென்னைக் கோடையில் காய்கறிப் பாத்தி நாளொன்றுக்கு ஏறத்தாழ ஆறு மில்லிமீட்டர் குடிக்கும் என்று வைத்துக்கொண்டால், உங்கள் 320 சதுர மீட்டருக்கு 1,920 லிட்டர் வேண்டும். பிளாஸ்டிக் குடம் 15 லிட்டர் பிடிக்கும் என்றால் அது 128 குடம். குடிக்கவும் குளிக்கவும் குடத்தோடு வரிசையில் நிற்கும் பெண்களிடம், கீரைக்கு மட்டும் தினம் 128 குடம் எடுத்து ஊற்றுங்கள் என்று உங்கள் வரைபடம் சொல்கிறது. 41 வீட்டுக்காரர்களும் சிரித்ததற்கு இதைவிட வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

மழைநீரைச் சேமிக்கலாமே என்று தோன்றும். 500 சதுர மீட்டர் மொட்டை மாடியில் ஒரே நாளில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால், வீணாவது போக 10,000 லிட்டர் தொட்டி நிறைந்துவிடும். ஆனால் அத்தொட்டி உங்கள் இப்போதைய பரப்புக்கு ஐந்து நாள்தான் வரும். பாத்தியை 100 சதுர மீட்டராகக் குறைத்தால் பதினாறு நாள் வரும். சென்னையில் மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடுவதால், எந்தத் தொட்டியும் கத்திரி வெயில் வரை கைகொடுக்காது. தொட்டியை இறுக மூடி வையுங்கள். தேங்கிய நல்ல தண்ணீரில்தான் டெங்கு கொசு முட்டையிடுகிறது, ஆய்வுக்கு வரும் மாநகராட்சிப் பணியாளர் முதலில் அதைத்தான் திறந்து பார்ப்பார்.

ஆகவே மே மாதத்தில் யாரும் தண்ணீர் ஊற்றத் தேவையில்லாதபடி வரையுங்கள் என்பதே என் யோசனை. நம் உழவர் பெரும்பாலும் ஆண்டு முழுதும் ஒரே வயலைப் பச்சையாக வைத்திருக்க முயன்றதில்லை; ஆடிப்பட்டம், தைப்பட்டம் என்று பருவம் பார்த்தே விதைத்தார்கள், நடுவே நிலத்தைக் கிடக்க விட்டார்கள். உங்கள் பாத்திகளும் சித்திரையிலும் வைகாசியிலும் ஓய்வெடுக்கட்டும். அந்த இரண்டு மாதங்கள் அந்த இடம் எதற்குப் பயன்படும் என்பதை வரைவதுதான் நிலத்தோற்ற வடிவமைப்பாளரின் வேலை. கத்திரி வெயிலில் வடாமும் மிளகாய் வற்றலும் காயப்போட இடமின்றி மாடிப்படிச் சுவர்களில் துணி விரித்திருப்பார்கள், கவனித்திருக்கிறீர்களா? பாத்தியின் விளிம்புச் சுவரை ஒன்றேகால் அடி அகலத்தில் கட்டினால் காயவைக்கும் திண்ணையும் அதுவே, மாலையில் உட்காரும் திண்ணையும் அதுவே. உங்கள் வரைபடத் தொகுப்பில் மார்கழிக்கு ஒன்று, வைகாசிக்கு ஒன்று என இரண்டு தரைப்படமாவது இருக்கவேண்டும். இப்போது இருப்பது எந்த மாதமும் இல்லாத ஒரு மாதம்.

அடுத்தது நிழல். சென்னை 13 பாகை வட அகலாங்கில் இருப்பதால், மார்கழி நடுப்பகலில் சூரியன் தெற்கே ஏறத்தாழ 53 பாகை உயரத்தில்தான் நிற்கும். 24 மீட்டர் உயரத் தெற்குப் பிளாக்கின் நிழல் அப்போது 18 மீட்டர் வடக்கே விழும். காய்கறி நன்றாக வரும் பருவத்தில் உங்கள் பாத்திகள் முழுவதும் இருட்டில் கிடக்கின்றன என்று பொருள். அவற்றை வடபுறம் எஞ்சும் 14 மீட்டர் பட்டைக்கு நகர்த்துங்கள். ஆனி மாதத்திலோ சூரியன் நம் தலைக்கு வடக்கே போய்விடுவதால், வடக்குப் பிளாக்கின் அடியில் நண்பகலில்கூட நான்கு மீட்டர் நிழல் கிடைக்கும்; முதியவர்கள் உட்காரும் இடத்தை அங்கே வையுங்கள். குளிர்நாடுகளில் எழுதப்பட்ட பாடநூல்கள் வடக்கே வரும் இந்தச் சூரியனைப் பற்றிப் பெரும்பாலும் பேசுவதில்லை.

மண்ணைப் பொறுத்தவரை, இடிபாட்டின் மேல் ஒன்றரை அடி எழுப்பிய பாத்திதான் ஒரே வழி; தேங்கும் தண்ணீரிலிருந்தும் அதுவே காக்கும். கியூபாவில் ஹவானா நகரத்தார் 1990களில் இதைத்தான் செய்தார்கள். விதைக்க லாயக்கற்ற கெட்டித் தரைமேல் பாத்திச் சுவர் எழுப்பி மக்கிய உரத்தால் நிரப்பினார்கள். 1997இல் தொடங்கிய அலமார் தோட்டம் அவற்றுள் பெயர்பெற்றது. ஆனால் 100 சதுர மீட்டருக்கு ஒன்றரை அடி என்றால் ஏறத்தாழ 16 யூனிட் மண் வேண்டும் (ஒரு யூனிட் என்பது 100 கன அடி). டிப்பரில் வரும் அந்தச் செம்மண் வேறு யாரோ ஒருவருடைய நிலத்தின் மேல்மண் என்பதை நினைவில் வையுங்கள். முதலாண்டு கால்பங்குப் பாத்திகளை மட்டும் நிரப்பி, வீட்டுக் கழிவையும் உதிர்ந்த இலையையும் மக்கவைத்து மற்றவற்றை மெல்ல நிரப்புவது நியாயமாகவும் இருக்கும், செலவும் குறையும். அடியில் கிடக்கும் இடிபாட்டு மண்ணை ஈயத்துக்காக ஒருமுறை சோதித்துவிடுங்கள். இடிபாட்டோடு வந்த பழைய பெயிண்டில் ஈயம் இருந்திருக்கலாம், மண்ணில் சேர்ந்த ஈயம் மக்கிப் போவதில்லை, அந்த மண்ணில் வளரும் கீரையோடு வீட்டுக்குள் வந்துவிடும்.

மொட்டை மாடியை மறந்துவிடுங்கள். ஆட்கள் நடமாடும் மாடிக்கு நம் கட்டடத் தரநிலை கணக்கில் கொள்ளும் பாரம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோதான். ஒன்றரை அடி ஈர மண்ணின் எடையோ 800 கிலோவைத் தொடும்.

தம்மசாட்டைப் பற்றி ஒரு சொல். 22,000 சதுர மீட்டர் பரப்பில் 2019இல் திறக்கப்பட்ட அத்தோட்டத்தின் வளைந்திறங்கும் படிகளை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள், தவறில்லை. ஆனால் அப்படிகள் மழையை வேகம் குறைத்துக் கீழே நான்கு குளங்களில் சேர்ப்பதற்காக அமைந்தவை. விளைவது பல்கலைக்கழகத்தின் உணவுக்கூடங்களுக்குப் போகிறது. உங்கள் வரைபடத்தில் படிகள் இருக்கின்றன, குளமும் இல்லை, அடுப்பும் இல்லை.

பதில் 2: கொல்லைப்புறம்

மகளே, நான் கட்டடக்கலை படித்தவள் அல்லள். இதுபோன்ற ஒரு குடியிருப்பின் தரைத்தளத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. ஒன்பது ஆண்டுகளாகப் படிக்கட்டின் அருகே இருபது அடி நீளத்தில் செடி வளர்க்கிறேன். வரப்பு அவர்கள் சொன்ன கணக்கெல்லாம் சரிதான். ஆனால் யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதற்கு விடை அங்கேயே கண்ணுக்குத் தெரியும்படி இருக்கும். நீங்கள் போன இடத்தில் பழைய பெயிண்ட் டப்பாவிலும் உடைந்த பக்கெட்டிலும் கற்பூரவல்லியும் துளசியும் வளர்ப்பவர்கள் இருந்திருப்பார்களே, அந்த டப்பாக்களை எண்ணினீர்களா? ஒவ்வொரு டப்பாவையும் வரைபடத்தில் ஒரு புள்ளியாகக் குறியுங்கள். புள்ளிகள் கூடியிருக்கும் வாசலுக்கு எதிரே முதல் பாத்தியைப் போடுங்கள். கேள்வித்தாளில் விருப்பம் தெரிவித்தவரைவிட, கேட்காமலே டப்பாவில் செடி வைத்தவரையே நான் நம்புவேன்.

வேலி வேண்டாம் என்பது என் அனுபவம். வேலி போட்ட இடத்துக்குப் பூட்டு வரும், பூட்டுக்குச் சாவி வரும், சாவி ஒருவர் இடுப்பில் ஏறும், பிறகு சண்டை வரும். அதற்குப் பதிலாக நடைபாதையோரத்தில் யாரும் பறிக்கலாம் என்ற செடிகளை நிறைய வைத்துவிட்டேன்: கறிவேப்பிலை, கற்பூரவல்லி, தூதுவளை, நான்கு அகத்தி. போகிறவர் கை அங்கேயே நிறைந்துவிடுவதால் உள்ளே இருக்கும் பாத்திக்கு யாரும் வருவதில்லை. முதலாண்டு முளைக்கீரை போட்டேன். இருபத்தைந்து நாளில் வேரோடு பிடுங்கும் கீரை அது, ஒருவர் பிடுங்கினால் மற்றவருக்கு இல்லை என்று மனத்தாங்கல் வந்தது. அரைக்கீரைக்கு மாறினேன். கிள்ளக் கிள்ளத் தழைக்கிறது, வாரம் ஒரு வீடு என்று முறை வைத்துக் கிள்ளுகிறோம்.

முருங்கையைச் சிறுவர் விளையாடும் பக்கம் வைக்காதீர்கள். மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி அடை அடையாக அப்பும். கிளையும் பொசுக்கென்று முறியும். எங்கள் பிளாக்கில் அந்த ஒரு மரத்தால் எனக்கு வந்த வசவு கொஞ்சமன்று.

பதில் 3: தீவுக்கீரை

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். இங்கே தேசியப் பூங்காக் கழகம் 2005இல் சமூகத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. எங்கள் அடுக்குமாடி வீட்டின் கீழுள்ள தோட்டமும் அதில் சேர்ந்ததே. கவனித்த ஒன்றைச் சொல்கிறேன். எல்லோருக்கும் பொது என்ற பாத்திகள் சில மாதங்களில் இரண்டு மூன்று முதியவர்களின் பொறுப்பாகிவிடுகின்றன. அவர்கள் ஊருக்குப் போனால் தோட்டம் வாடுகிறது. பூங்காக்களில் தனியாருக்கு வாடகைக்குத் தரும் பாத்திகளோ இரண்டரை மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும்தான். ஒரு குடும்பம் மாலையில் அரைமணி நேரத்தில் பார்த்து முடிக்கக்கூடிய அளவு அது. உங்கள் 100 சதுர மீட்டரை அப்படி நாற்பதாகப் பிரித்தால், அறிமுகமான 41 வீடுகளுக்கும் ஏறக்குறைய ஒன்று என்று ஆகிறது. இங்கே அமைப்பு, அனுமதி, குழாய் எல்லாம் முன்னமே இருக்கின்றன என்பதால் அப்படியே ஒப்பிட முடியாது. பராமரிப்பு யார் பொறுப்பு என்பதை நில உரிமையாளரிடம் எழுத்தில் வாங்காமல் தொடங்கவேண்டாம்.

பாத்திவரை

மூவருக்கும் நன்றி. டப்பாக்களை நான் எண்ணவில்லை. இன்னும் சொல்லப்போனால், தள ஆய்வின் புகைப்படங்களில் அவை அழகைக் கெடுக்கின்றன என்று ஓரங்களை வெட்டியிருந்தேன். வெட்டாத படங்களை இன்று திறந்து பார்த்தேன்: வடக்குப் பிளாக்கின் இரண்டாவது படிக்கட்டு வாசலில் மட்டும் 17 டப்பாக்கள், அவற்றுக்கு நான்கு தப்படி தள்ளிக் கைப்பம்பு. நண்பகல் வெயில் விழும் பட்டையும் அதுதான்.

பாத்திகளை அங்கே நகர்த்தி 40 சதுர மீட்டரில் தொடங்கி 100 வரை வளரும்படி மாற்றி வரைகிறேன். 40க்கு நாளொன்றுக்கு 16 குடம் போதும். அவரையும் புடலும் ஏற ஒரு பந்தல் போட நினைக்கிறேன். காய் ஓய்ந்த மாதங்களில் அதன்மேல் கீற்று வேய்ந்தால் நிழலாகும். பந்தலை எவ்வளவு உயரத்தில் வைப்பது? எட்டடியில் வரைந்திருக்கிறேன்.

வரப்பு

எட்டடி வேண்டாம், ஆறரை அடி போதும். புடலங்காயின் நுனியில் கல் கட்டித் தொங்கவிடவேண்டியவர் ஐந்தடி உயரமுள்ள ஒரு பெண்மணி, அவருக்கு முக்காலி தேடும் வேலை வைக்காதீர்கள். கால்களுக்கு மூங்கில் வேண்டாம், இரும்புக் குழாயாக இருக்கட்டும். குறுக்குக் கம்பியில் சிறுவர்கள் தொங்கியே தீருவார்கள்.