பழைய கணினிகளில் மூலநிரலைத் தொகுப்பதா, ஆயத்தப் பொதிகளை நிறுவுவதா?

கேள்வி: தோட்ட வாசிகசாலை, ஹட்டன்

அன்பின் நண்பர்களுக்கு வணக்கம். ஹட்டனுக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றில் மாலைநேர வகுப்புகளோடு சேர்த்து ஒரு சிறு வாசிகசாலையையும் நடத்தி வருகிறோம். அன்பளிப்பாகக் கிடைத்த பழைய கணினிகளில் டெபியன் 12 இயங்குதளம் நிறுவப்பட்டுள்ளது; பெரும்பாலானவற்றில் 4 கிகாபைட் நினைவகமே உண்டு. பெரியவர்கள் பாதுகாத்து வைத்திருந்த தொழிற்சங்கத் துண்டுப்பிரசுரங்களையும் திருவிழா அழைப்பிதழ்களையும் ஸ்கேன் செய்து, டெசராக்ட் மென்பொருளின் மூலம் எழுத்துகளாக மாற்றி வருகிறோம். பழைய அச்சில் பிழைகள் மிகுதியாக வருகின்றன. மூலநிரலைப் (மனிதர் எழுதிய நிரல் வரிகளை) பதிவிறக்கி நாமே தொகுத்தால், அதாவது கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றினால், வேகமும் துல்லியமும் கூடும், பிறர் தொகுத்து ஆயத்தமாகத் தரும் பொதியை நம்பியிருக்கவும் தேவையில்லை என்று எங்கள் மாணவர் ஒருவர் உறுதியாகக் கூறுகிறார். அவருடைய ஆர்வத்தைத் தடுக்க எனக்கு மனமில்லை. ஆயினும் மழைக்காலத்தில் மின்சாரம் அடிக்கடி தடைப்படுகிறது. இணையத்துக்கும் கைபேசி டேட்டாவையே நம்பியிருக்கிறோம். எங்களுக்கு எது பொருத்தமாக இருக்கும்?

பதில் 1: பதுளையிலிருந்து

ஐயா, துல்லியம் வேண்டுமென்றால் நீங்கள் எதையும் தொகுக்க வேண்டியதில்லை. டெசராக்டின் வாசிப்புத் திறன் நிரலைக் காட்டிலும் பயிற்சித் தரவுக் கோப்பையே பெரிதும் சார்ந்தது. டெபியனின் தமிழ்ப் பொதியில் இருப்பது 'ஃபாஸ்ட்' எனப்படும் விரைவு வகைத் தரவு. அதே திட்டத்தார் 'பெஸ்ட்' என்ற பெயரில் வெளியிட்டுள்ள தமிழ்க் கோப்பை மட்டும் இறக்கி, தனி அடைவில் (கோப்புறையில்) வைத்து, கட்டளையில் அந்த அடைவைச் சுட்டினால் போதும். வாசிப்பு மெதுவாகும், ஆனால் உங்கள் பணிக்கு அவசரமில்லை. பழைய ணை, லை, னை வடிவங்களில் அப்போதும் பிழை நீடித்தால், உங்கள் பக்கங்களைக் கொண்டே மேற்பயிற்சி அளிக்கலாம். 'பெஸ்ட்' வகையை மட்டுமே அவ்வாறு மேலும் பயிற்றுவிக்க இயலும் என்பதால், அந்தக் கோப்பு எப்படியும் உங்களுக்குத் தேவைப்படும். பயிற்சிக்குரிய கருவிகள் டெபியன் பொதியிலேயே வந்துவிடுகின்றன.

வேகத்தைப் பொறுத்தவரை, டெசராக்ட் இயங்கத் தொடங்கும்போதே செயலியின் திறனை அறிந்து அதற்கேற்ற கணிப்பு முறையைத் தேர்ந்துகொள்கிறது. ஆகவே நீங்களே தொகுப்பதால் பெரிய ஆதாயம் இராது.

பதில் 2: கொட்டகலையிலிருந்து

மேற்சொன்னதை ஏற்கிறேன். இருந்தாலும் அந்த மாணவருக்கு ஒரு கணினியை ஒதுக்கிக் கொடுங்கள் என்று வேண்டிக்கொள்கிறேன். ஒரு மென்பொருள் எந்தெந்த நிரல் நூலகங்களின் (பல மென்பொருள்கள் பகிரும் நிரல் தொகுதிகளின்) மேல் நிற்கிறது என்பதைத் தொகுத்துப் பார்ப்பவர் அறிவதுபோல் வேறெவரும் அறிவதில்லை. அவருக்குச் சில எச்சரிக்கைகள் மட்டும் சொல்ல வேண்டும். ஒரே நேரத்தில் பல கோப்புகளைத் தொகுக்குமாறு, தொகுப்பை நடத்தும் மேக் கட்டளையைப் பணித்தால் 4 கிகாபைட் நினைவகம் எளிதில் நிரம்பிவிடும்; ஒவ்வொன்றாகவே தொகுக்கட்டும். இடையில் மின்சாரம் போனால், விட்ட இடத்திலிருந்து மேக் தொடரும். ஆனால் அது கோப்பின் நேரத்தை மட்டுமே பார்ப்பதால், அரைகுறையாக எழுதப்பட்ட கோப்பையும் முடிந்ததென எண்ணிவிடக்கூடும். கடைசியாக உருவான கோப்புகளை அழித்துவிட்டுத் தொடர்வதே பாதுகாப்பானது. அந்தக் கணினியின் செயலிக்கென்றே சிறப்பாகத் தொகுத்ததை வேறு பழைய கணினிக்கு மாற்றினால், அங்குள்ள செயலி அறியாத கட்டளைகளைச் சந்தித்து மென்பொருள் நின்றுபோகலாம்.

என்னை உண்மையில் கவலைப்படுத்துவது பராமரிப்புத்தான். பொதியாக நிறுவியதில் பாதுகாப்புக் குறை கண்டறியப்பட்டால் டெபியன் திருத்தம் வெளியிடும். வழக்கமான மேம்படுத்தலோடு அது உங்களிடம் வந்து சேரும். யூஎஸ்ஆர் லோக்கல் அடைவில் நாமே நிறுவியதை டெபியனின் பொதி நிறுவியான ஆப்ட் கண்டுகொள்வதே இல்லை. அங்குள்ள நூலகங்களைக் கணினி முதலில் தேடுவதால், பொதியாக வந்த ஏனைய மென்பொருள்களும் நம் பழைய தொகுப்பையே பயன்படுத்தத் தொடங்கிவிடும். அந்த மாணவர் உயர்கல்விக்கு வெளியூர் சென்ற பிறகு அதைப் புதுப்பிக்கப் போவது யார்?

பதில் 3: பண்டாரவளையிலிருந்து

நம்பிக்கை பற்றிய கேள்விக்கு எவரும் விடை கூறவில்லை. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் சுருக்கு மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் மறைவாயில் (கள்ளத்தனமாக உள்நுழைய வைத்த வழி) ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அதை இயக்கிவிடும் வரிகள் மூலநிரலை எல்லோரும் பார்க்கும் கிட் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுக்கென வழங்கப்பட்ட மூலநிரல் கோப்புக்கட்டுக்குள்தான் இருந்தன. அதாவது, தொகுப்பதற்காக ஒருவர் முறைப்படி பதிவிறக்கும் அதே கோப்புக்கட்டுக்குள்! தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியான நுழைவு வழக்கத்தைவிடத் தாமதமாவதைக் கவனித்து ஆராய்ந்த ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளரே அதைக் கண்டறிந்தார். டெபியனின் நிலைப்பதிப்புக்குள் (ஸ்டேபிள்) அந்தப் பதிப்புகள் அதுவரை வந்திருக்கவில்லை. ஆகவே மூலநிரலைத் தொகுப்பது வேறு, வாசித்து உணர்வது வேறு. ஆயிரக்கணக்கான வரிகளை எங்களில் எவரும் வாசித்துவிட்டுத் தொகுப்பதில்லை. ஒரே மூலநிரலை யார் தொகுத்தாலும் ஒவ்வொரு பைட்டும் ஒத்திருக்கச் செய்யும் முயற்சியில் டெபியன் 2013 முதல் ஈடுபட்டுள்ளது. அந்த மாணவர் ஒரு பொதியைத் தாமே தொகுத்து, டெபியன் வழங்குவதோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். அவருடைய ஐயத்துக்கு அதைவிட நல்ல பயிற்சி இல்லை.

தோட்ட வாசிகசாலை, ஹட்டன்

மூவருக்கும் மிக்க நன்றி. 'பெஸ்ட்' கோப்பை இன்றிரவே இறக்குகிறேன். ஒரு கணினியை மாணவருக்கு ஒதுக்குவதென்றும் முடிவு செய்துவிட்டோம். எல்லாக் கணினிகளுக்கும் ஒரே மேம்படுத்தலைத் தனித்தனியாக இறக்குவதால் டேட்டா வீணாகிறதே, அதற்கு வழியுண்டா?

பதில் 2-ஐ எழுதியவர், கொட்டகலை

உண்டு. ஒரு கணினியில் ஆப்ட்-கேச்சர்-என்ஜி என்ற பொதியை நிறுவி, ஏனையவற்றின் ஆப்ட் அமைப்பில் அதன் முகவரியைப் பதிலியாக (ப்ராக்ஸி) கொடுங்கள். கதவு (போர்ட்) எண் 3142. முதற் கணினி கேட்கும்போது இறங்கும் பொதி அங்கேயே சேமிக்கப்பட்டு, மற்றவற்றுக்கு உள்ளக வலையமைப்பிலேயே கிடைக்கும். களஞ்சிய முகவரிகள் எச்டிடிபி வடிவில் இருக்கட்டும். எச்டிடிபிஎஸ் முகவரிகளாயின் இது சேமிப்பதில்லை. களஞ்சியப் பட்டியலின் கையொப்பத்தையும் அதன்வழி பொதிகளையும் ஆப்ட் எப்படியும் சரிபார்க்கும் என்பதால் அதில் அச்சம் வேண்டாம்.