தச்சுப் பட்டறைக்குக் காப்புறுதி எடுக்கணும், ஒருத்தர் 1,900 வெள்ளி (ரிங்கிட்) சொல்றாரு இன்னொருத்தர் 640 சொல்றாரு, எது நெசம்?

இழைப்புளி_சிப்புட்:
எல்லாருக்கும் வணக்கம். நான் மலேசியாவுல சுங்கை சிப்புட் ஆளு, எஸ்டேட் ஓரமா நம்ம வீட்டுக்குப் பின்னாலயே தகரக் கொட்டாய் போட்டு தச்சு வேலை செய்றேன். சாமி மேடை, கிச்சன் காபினெட், கதவு நிலை, வர்றதெல்லாம். டேபிள் சா ஒண்ணு, செகண்ட் ஹேண்ட்ல வாங்குன பிளேனர், கம்ப்ரசர், ஸ்ப்ரே கன், அப்புறம் அடுக்கி வச்சிருக்க நயாத்தோ பலகை எல்லாம் சேத்தா 80,000 வெள்ளிக்கு வரும். எங்கக்கா மவனும் இன்னொரு பையனும் வேலைக்கு இருக்காங்க. எஸ்எஸ்எம்ல தொழில் பதிவு உண்டு.

போன மாசம் பக்கத்துக் குடியிருப்புத் தாமான்ல ஒரு வீடு எரிஞ்சதுல இருந்து வீட்டுக்காரம்மா தினம் இன்சுரன்ஸ் இன்சுரன்ஸ்னு ஒரே நச்சரிப்பு. சரின்னு ரெண்டு ஏஜெண்ட்ட கேட்டா, ஒருத்தர் தீ, திருட்டு, வெளியாளுக்கு அடிபட்டா குடுக்குறது எல்லாம் சேத்து வருசத்துக்கு 1,900 சொச்சம்னாரு. இன்னொருத்தர் 640, அதே 80,000-க்கு! எப்படின்னு கேட்டா "போர்ம்ல பர்னிச்சர் கடைன்னு போட்டுக்கலாம் போஸ், மெஷின் பத்தியெல்லாம் எதுக்கு"ங்கிறாரு. கை அரிக்குது, ஆனா மனசு ஒப்பல. பேங்க் லோனோட வந்த வீட்டுத் தீ இன்சுரன்ஸ் ஏற்கனவே ஓடுது, அதுல இந்தக் கொட்டாய் வராதா?

இன்னொண்ணு, எஸ்டேட் கோயில் மயில் வாகனம் ரிப்பேருக்கு வந்து பட்டறையில நிக்குது, தாத்தா காலத்துது. அதுக்கு ஏதாவது ஆச்சின்னா நான் ஊர்ல தலை காட்ட முடியாது லா. சாமி வாகனத்துக்கெல்லாம் இன்சுரன்ஸ் குடுப்பானா?

ரிட்டையர்ட்_ஏஜெண்ட்_ஈப்போ:
தம்பி, அந்த 640-ல கையெழுத்து வச்சிடாதீங்க, இந்த அக்கா பேச்ச கேளுங்க. வீட்டுக்கு, காருக்கு எடுக்குற இன்சுரன்ஸ்ல அவங்க கேட்ட கேள்விக்கு ஒழுங்கா பதில் சொன்னா போதும். தொழிலுக்கு எடுக்குறது அப்படி இல்ல, 2013 நிதிச் சேவை சட்டப்படி அவங்க கேக்காட்டியும் நாமளே முக்கியமானத சொல்லணும். மரம் அறுக்குறோம், ஸ்ப்ரே அடிக்கிறோம், தின்னர் வச்சிருக்கோம், இத மறைச்சிட்டு கடைன்னு எழுதுனா எரிஞ்ச அன்னிக்கு நட்டத்த கணக்கு பாக்குற அட்ஜஸ்டர் வந்து சாம்பல்ல கெடக்குற ரம்பத்த பாத்ததும் கதை முடிஞ்சிது. 640 கட்டி ஒண்ணும் வராம போறது மிச்சம்.

ஏன் விலை ஏறுதுன்னா, மரவேலைன்னாலே தீ ஆபத்து அதிகம்னு தனியா ரேட் போடுவாங்க, அதுக்கு மேல சுவர் செங்கல்லா பலகையா தகரமான்னும் பாப்பாங்க. 2016 ஜூலைல இருந்து தீ காப்புறுதி விலைக் கட்டுப்பாட்ட நம்ம மத்திய வங்கி பேங்க் நெகாரா கொஞ்சம் கொஞ்சமா தளர்த்திக்கிட்டு வருது, அதனால கம்பெனிக்கு கம்பெனி வித்தியாசம் வரும், மூணு நாலு இடத்துல கேளுங்க, தக்காபுல்னு இஸ்லாமிய முறைக் காப்புறுதி இருக்கு, அங்கயும் கேளுங்க, முஸ்லிம் இல்லாத நாமளும் எடுக்கலாம். பிரீமியத்துக்கு மேல 8% சேவை வரி, 10 வெள்ளி ஸ்டாம்ப் இருக்கு, மறந்துடாதீங்க.

காசு மிச்சம் புடிக்க 80,000 பொருள 40,000-னு போடாதீங்க. பாதிக்கு போட்டா 20,000 நட்டத்துக்கு 10,000 தான் குடுப்பான், போலிசியிலேயே ஆவரேஜ்னு எழுதியிருக்கும். வீட்டுப் போலிசி உங்க தொழில் சாமானுக்கு உதவாது. அதோட பின்னால பட்டறை வச்சிருக்கிறத அந்தக் கம்பெனிக்கும் சொல்லிடுங்க, இல்லாட்டி வீட்டுக்கும் சிக்கல்.

மயிலுக்கு வழி இருக்கு. அடுத்தவங்க பொருள் நம்ம பொறுப்புல இருந்தா அதையும் போலிசில தனியா எழுதச் சொல்லுங்க, எழுதுனா தான் உண்டு. கோயில் கமிட்டிகிட்ட ஒரு மதிப்பு எழுதி வாங்கிக்கிடுங்க.

ரப்பர்கட்டை_பஹாவ்:
அக்கா சொன்னது அத்தனையும் சரி. நான் என் கதைய சொல்றேன். போன வருசம் ஒரு ரப்பர் மர டைனிங் டேபிளுக்கு லின்சீட் எண்ணெய் தேச்சிட்டு துணிய சுருட்டி ஒரு பெரிய மைலோ டின்ல போட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டேன். ராத்திரி பத்து மணிக்கு ஏதோ கருகுற வாசம், போய் டின்ன தொட்டா சுடுது, மூடிய தொறந்தா உள்ள துணி நடுவுல செவப்பா கனலுது! யாரும் நெருப்பு வைக்கல, அந்த எண்ணெய் காயும்போது தானா சூடேறும், சுருட்டி வச்சா சூடு வெளிய போக வழியில்ல. பக்கத்துல ரெண்டு மூட்டை மரத்தூள், நெனச்சாலே இப்பவும் வயித்த கலக்குது. இப்பல்லாம் துணிய வெளிய கம்பியில விரிச்சு காயப் போடுறேன், இல்லாட்டி தண்ணி ஊத்தி மூடுன டின்ல.

விலை குறைக்கணும்னா சும்மா பேரம் பேசாம பட்டறைய காட்டுங்க. நான் தினம் சாயந்தரம் தூள் கூட்டுறேன், தின்னர தனி இரும்பு பெட்டியில வெளிய வச்சேன், ரெண்டு தீயணைப்பான் வாங்கி அதுல ஒட்டுற பொம்பா (தீயணைப்புத் துறை) ஸ்டிக்கர வருசா வருசம் புதுப்பிக்கிறேன், போட்டோவோட அனுப்புனேன். கொஞ்சம் தான் குறைச்சான், ஆனா குறைச்சான்.

பழைய பிளேனருக்கு ரசீது இருக்காது இல்ல? இன்னிக்கே சீரியல் நம்பரோட போட்டோ எடுத்து உங்க வாட்சாப்புக்கே அனுப்பி வச்சிடுங்க. எரிஞ்சப்புறம் என்கிட்ட இது இருந்துச்சின்னு சொன்னா எவன் நம்புவான்.

கிள்ளான்_காரன்:
வெள்ளத்துக்கு தனியா காசு கட்டணும் போஸ், தீ போலிசில தானா வராது. 2021 டிசம்பர் வெள்ளத்துல ஷா ஆலம் ஸ்ரீ மூடா முங்குனப்ப அங்க கடை வச்சிருந்த என் மாமா அன்னிக்கு தான் அத தெரிஞ்சிக்கிட்டாரு.

கங்காணி_பேத்தி:
எல்லாரும் பலகையப் பத்தியே பேசுறீங்க, அந்தப் பையன்க வெரலு? டேபிள் சா வச்சிருக்கீங்க அண்ணே. ரெண்டு பேருக்கும் சொக்சோ, அதான் வேலையில அடிபட்டா காசு குடுக்குற தொழிலாளர் காப்புறுதி, கட்டுறீங்களா? மொதலாளி பங்கு 1.75%, 1,700 வெள்ளி சம்பளத்துக்கு மாசம் கிட்டத்தட்ட 29 வெள்ளி தான். அக்கா மவன்னாலும் சம்பளம் குடுக்குறீங்கன்னா பதியணும். உங்களுக்கே பெர்கேசோவுல (சொக்சோவோட இன்னொரு பேரு) சொந்தத் தொழில் பண்றவங்களுக்குன்னு திட்டம் இருக்கு, வருசத்துக்கு 232.80 வெள்ளிக்கு கூட ஒரு பிளான் உண்டு. மொதல்ல அத முடிங்க, அப்புறம் மயில பாப்போம்.

இழைப்புளி_சிப்புட்:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். தங்கச்சி கேட்டது சுருக்குன்னு குத்துச்சு, அந்த இன்னொரு பையனுக்கு மட்டும் தான் சொக்சோ இருக்கு, அக்கா மவன சொந்தம்தானேன்னு விட்டுட்டேன். அவன பதிய திங்கக்கிழமை ஈப்போவுக்கு போறேன். 640-காரருக்கு வேணாம்னு மெசேஜ் போட்டாச்சு, ப்ளூ டிக் விழுந்துச்சு, பதில் இல்ல. 1,900-காரர்கிட்ட பட்டறைய வந்து பாத்துட்டு மறுபடி விலை சொல்லுங்கன்னு கேட்டிருக்கேன்.

போலிசி கைக்கு வர்ற வரைக்கும் பயமா இருக்கேன்னு மயில இன்னிக்கு ராத்திரியே வீட்டு ஹாலுக்கு தூக்கிட்டு வந்துட்டோம், நாலு பேரு தேவப்பட்டுச்சு. இப்ப டிவிய மறைச்சிக்கிட்டு நிக்குது. இன்சுரன்ஸ் எடுன்னு நச்சரிச்சதே வீட்டுக்காரம்மா தான், இப்ப நாடகம் பாக்க முடியலன்னு என்ன திட்டுறா.