புதுப்பிப்பு: 14 மணி நேர விமானப் பயணம், கைக்குழந்தையும் 3 வயதுப் பிள்ளையும்

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. பயணத்துக்கு முன் நான் கேட்டவை இரண்டு: விமானம் இறங்கும்போது பிள்ளைகளுக்கு வரும் காதுவலி, கைக்குழந்தைக்கான தொட்டில் மாட்டும் முன்வரிசை இருக்கை.

காதுவலிக்கு, "சக்கரம் தரையைத் தொடும்போது அல்ல, இறக்கம் தொடங்கும்போதே பால் கொடுங்கள்" என்ற யோசனைதான் பலித்தது. தரையிறங்க ஏறக்குறைய அரைமணி நேரம் இருக்கும்போதே விமானம் உயரம் குறைகிறது. விமானத்துக்குள் காற்றழுத்தம் அப்போதிருந்தே கூடுகிறது. விழுங்கும்போது காதுக்கும் தொண்டைக்கும் நடுவிலுள்ள குழாய் திறக்கும். அதனால் அதற்குச் சற்று முன் கொடுக்கவேண்டிய பாலை இறக்கம் தொடங்கும்வரை தள்ளிப்போட்டோம். தூங்குகிற குழந்தையை எழுப்ப மனசே வராது, எழுப்பிவிடுங்கள். தூக்கத்தில் விழுங்குவது குறைவு. பெரியவனுக்கு ஸ்ட்ரா போட்டுத் தண்ணீர், ஒவ்வொரு வாயாக.

டிக்கெட் போட்டதுமே தொட்டிலுக்குச் சொல்லிவைத்ததும் சரியான ஆலோசனை. தொட்டிலில் விடக்கூடிய குழந்தையின் எடை வரம்பு விமான நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், கேட்டுக்கொள்ளுங்கள்.

எதிர்பாராதது: சீட் பெல்ட் விளக்கு எரிந்தபோதெல்லாம் குழந்தையைத் தொட்டிலிலிருந்து தூக்கச் சொன்னார்கள். அரைத்தூக்கத்தில் மூன்று முறை. முன்வரிசையில் கைப்பிடிக்குள் சாப்பாட்டுத் தட்டு மடங்கியிருப்பதால் கைப்பிடியை மேலே தூக்க முடியாது; பெரியவனைக் குறுக்கே படுக்கவைக்கும் திட்டம் அதோடு போயிற்று. விமானம் மேலெழும்போதும் தரையிறங்கும்போதும் காலடியில் பை வைக்கவும் அனுமதியில்லை. இரண்டு டயப்பர், ஈரத் துடைப்பான், ஒரு மாற்றுடை, பால்புட்டி மட்டும் சின்ன ஜிப் பையில் தனியாக எடுத்து, மீதியை மேல் பெட்டியில் வைத்துவிடுங்கள். பெற்றோருக்கும் ஒரு மாற்றுச் சட்டை வேண்டும்.