கல்யாண ரிசெப்ஷனில் சுருட்டு சுற்றுபவரை உட்கார வைக்கலாமா?

பட்டர்வொர்த்_பையன்:
தங்கச்சி ரிசெப்ஷன் பினாங்கு ஜார்ஜ்டவுன் ஹோட்டல் மண்டபத்தில். போட்டோ பூத் எல்லாருமே வைக்கிறாங்க. சுருட்டு சுற்றும் ஆள் ஒருத்தரை வரவழைக்கலாம்னு பார்க்கிறேன். விருந்தாளி கண்ணு முன்னாடியே இலையைச் சுற்றி, பொண்ணு மாப்பிள்ளை பேர் போட்ட காகித வளையம் மாட்டிக் கொடுப்பார். அப்பாவுக்கு இஷ்டமில்லை. நீங்க என்ன சொல்றீங்க?

ஈப்போ_அக்கா:
அப்பா சொல்றதைக் கேளுங்க தம்பி. மலேசியாவில் 2019 ஜனவரி 1 முதல் சாப்பாட்டுக் கடை எதிலும் புகைக்க முடியாது. 2024 அக்டோபரில் வந்த புதிய சட்டம் இன்னும் கடுமை. உள்ளே பற்ற வைக்க முடியாததை உள்ளேயே சுற்றிக் கொடுத்தா, வாங்கினவங்க எங்கே போவாங்க? பன்னீர் தெளிக்கிற வாசலுக்குத்தான். குழந்தைங்க ஓடி விளையாடுறதும் அங்கேதான்.

பிறை_வாசி:
அக்கா, புகையை விடுங்க, கைவேலையைப் பாருங்க. ஒரு சுருட்டுக்குள்ள மூணு வகை இலை இருக்கு. உள்ளே வைக்கும் இலைகளில் செடியின் உச்சியில் பறிச்சது காரம், அடியில் பறிச்சது நல்லா எரியும். அதைச் சேர்த்துப் பிடிக்க ஒரு இலை. எல்லாத்துக்கும் மேலே நரம்பு தெரியாத மெல்லிய போர்வை இலை. அதைக் கிழியாம இழுத்து, அரைவட்டக் கத்தியால் வெட்டி, சரிவாகச் சுற்றி, நுனியில் துண்டு இலையைப் பசை போட்டு ஒட்டணும். நின்னு பார்க்க வேண்டிய வேலை.

அந்தப் போர்வை இலைக்குப் பேர்போன டெலி, இந்தோனேசியாவின் சுமத்ரா தீவில், பினாங்குக்கு எதிர்க்கரை. 1863இல் நியன்ஹூய்ஸ் என்ற டச்சுக்காரர் அங்கே புகையிலை போட்டார். தோட்டத்துக்கு மாட்டுவண்டி ஓட்டினதும் ரோடு போட்டதும் நம்ம ஆளுங்க.

ஈப்போ_அக்கா:
கூலியாப் போய் அடிபட்டவங்க கதையை விருந்துக்கு அலங்காரமாக்க எனக்கு மனசு வரலை. இன்னொண்ணு, புகையை உள்ளே இழுக்கலைன்னா ஆபத்தில்லைன்னு பலர் நம்புறாங்க. சுருட்டுப் புகையின் நிக்கோடின் வாய்த்தோல் வழியாகவே ஏறும், வாய்ப்புற்றும் வரும். பெரிய சுருட்டு ஒண்ணில் ஒரு பெட்டி சிகரெட் அளவு புகையிலை இருக்கலாம்.

புக்கிட்_மெர்த்தாஜாம்:
முனியாண்டி சாமிக்கு வருஷா வருஷம் சுருட்டு படைக்கிறோமே அக்கா, அது தப்பா?

ஈப்போ_அக்கா:
சாமிக்குப் படைச்சது படையலோடு நிக்குது. நீங்க பேசுறது இருநூறு பேர் கையில் கொடுக்கிறதைப் பத்தி.

தைப்பிங்_மாமா:
நான் சுருட்டு பிடிக்கிறவன், இருந்தும் வேண்டாம்னுதான் சொல்வேன். அப்போதே சுற்றினதில் ஈரம் இருக்கும், இழுவை வராது, கசக்கும். ஆலையில் வாரக்கணக்கில் ஆற வைப்பாங்க. விருந்துக்கு வர்றவங்களில் பலர், உள்ளேயிருக்கும் இலைக்கட்டை முன்கூட்டியே அச்சில் அழுத்திக் கொண்டுவந்து, போர்வை இலையை மட்டும் அங்கே சுற்றுவாங்க. பிறை தம்பி சொல்ற வேலையில் பாதியைத்தான் பார்ப்பீங்க.

பிறை_வாசி:
அந்தப் பாதியே போதும் மாமா. வாங்கினவங்க வீட்டில் ஆற வைக்கட்டும்.

ஈப்போ_அக்கா:
கைவேலைதான் வேணும்னா, லிட்டில் இந்தியாவில் மல்லிகை கட்டும் அம்மா ஒருத்தரை உட்கார வைங்க. விரல் ஓடும் வேகத்தைப் பார்க்கக் கூட்டம் கூடும், பொம்பளைங்க எல்லாரும் தலையில் வெச்சுக்கிட்டுப் போவாங்க.

பட்டர்வொர்த்_பையன்:
பூ யோசனை அம்மாவுக்குப் பிடிச்சிருக்கு. சுருட்டையும் நான் இன்னும் விடலை. மண்டபத்துக்குள்ள சுற்ற மட்டுமாவது விடுவாங்களான்னு திங்கட்கிழமை ஹோட்டல்காரங்ககிட்ட எழுத்துமூலமா கேட்கிறேன். முடியாதுன்னா அப்பாகிட்ட நானே சொல்லிடுறேன்.