எல்.இ.டி. கடிகாரம் நாளுக்கு 7 வினாடி முந்துகிறது, வெயில்தான் காரணமா?

மலர்:
வணக்கம். எங்கள் ஊர் நூலகத்துக்கு ஆறு இலக்க எல்.இ.டி. கடிகாரம் ஒன்று செய்து கொடுத்தேன். ஆர்டுயினோ நானோ என்ற குட்டிக் கணினிப் பலகை, நேரத்தை எண்ணும் டிஎஸ் 1307 ஐசி, 2.3 அங்குல செவன் செக்மென்ட் டிஸ்ப்ளே. இலக்கங்கள் மல்டிபிளெக்ஸ் முறையில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக வேகமாக மாறி மாறி எரிகின்றன. எல்லாம் டாட் போர்டில் நானே சால்டர் செய்தது.

ஏப்ரல் 1 அன்று கைப்பேசி நேரத்தோடு வினாடி பிசகாமல் வைத்தேன். 14 நாள் கழித்துப் பார்த்தால் 98 வினாடி முந்திவிட்டது. ஐசிக்குத் துடிப்பு தரும் கிரிஸ்டலை மாற்றிப் பார்த்தேன், புதியதும் கிட்டத்தட்ட அதே அளவுதான் முந்துகிறது. கடிகாரம் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே இருக்கிறது. மதியம் பெட்டிக்குள் 45 டிகிரி காட்டுகிறது. வெயில்தான் காரணமா? இப்படியே போனால் மாதத்துக்கு மூன்றரை நிமிடம். மாலை 5.40 பேருந்துக்குப் போகும் பெரியவர்கள் இதைப் பார்த்துத்தான் எழுந்து போகிறார்கள், மனசு கேட்கவில்லை.

கார்த்தி:
தினமும் அதிகாலை 3 மணிக்கு புரோகிராமிலேயே 7 வினாடியைக் கழித்துவிடுங்கள். நானும் அப்படித்தான் செய்திருக்கிறேன்.

கதிர்வேல்:
மலர்ம்மா, கழிப்பதை அப்புறம் பார்க்கலாம். முதலில் கணக்கைப் பாருங்கள். நாளுக்கு 86,400 வினாடியில் 7 வினாடி என்பது 81 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 81 பங்கு. கடையில் வாங்கும் 32.768 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டல் பெரும்பாலும் 20 பிபிஎம் வகை. அதில் நாளுக்கு 1.7 வினாடிதான் பிசகும். இரண்டு கிரிஸ்டலும் ஒரே மாதிரி 81 காட்டினால் பிழை கிரிஸ்டலில் இல்லை.

வெயிலும் இல்லை. இந்த வகைக் கிரிஸ்டல் 25 டிகிரியை ஒட்டித்தான் மிக வேகமாக ஓடும். அதைவிடச் சூடானாலும் குளிர்ந்தாலும் மெதுவாகும். 45 டிகிரியில் சுமார் 14 பிபிஎம் குறையும், அதாவது நாள் முழுக்க அதே சூட்டில் இருந்தால் 1.2 வினாடி பின்தங்கும். உங்கள் கடிகாரமோ முந்துகிறது. வெயில் அதை முந்த வைக்கவே முடியாது.

அப்படியென்றால் எங்கிருந்தோ கள்ளத் துடிப்பு உள்ளே வருகிறது. ஐசி 32,768 துடிப்பை எண்ணி ஒரு வினாடி என்கிறது. வினாடிக்கு இரண்டு மூன்று துடிப்பு கூடுதலாக எண்ணினாலே நாளுக்கு 7 வினாடி வந்துவிடும். கிரிஸ்டல் முனைகளில் ஓடும் மின்னோட்டம் மிக மிகச் சிறியது. பக்கத்தில் டிஸ்ப்ளே கம்பிகள் ஓயாமல் ஆன், ஆஃப் ஆகிக்கொண்டிருந்தால் அந்த இரைச்சலையும் துடிப்பு என்றே எண்ணிவிடும்.

டிஸ்ப்ளேவை முழுதாக அணைத்து 2 நாள் ஓடவிடுங்கள். பிறகு எரியவிட்டு 2 நாள். இரண்டு கணக்கையும் இங்கே எழுதுங்கள். கிரிஸ்டல் காலில் ஸ்கோப் (மின் அலையைத் திரையில் காட்டும் கருவி) புரோபை மட்டும் வைத்துவிடாதீர்கள். அதன் 10 பிகோஃபாரட் மின்தேக்கு அளவே கிரிஸ்டலை மெதுவாக்கிவிடும், சில சமயம் நிறுத்தியும் விடும். அளக்க வேண்டுமானால் ஐசியிலிருந்து சதுர அலை வெளிவரும் எஸ்க்யூடபிள்யூ பின்னில் அளக்கலாம்.

மலர்:
ஐயா, நீங்கள் சொன்னதேதான்! அணைத்து வைத்த 2 நாளில் 1 வினாடி பின்தங்கியது. எரியவிட்ட 2 நாளில் 14 வினாடி முந்தியது. பெட்டியைத் திறந்து பார்த்தேன். கிரிஸ்டலை 3 சென்டிமீட்டர் கம்பி வைத்து இழுத்திருக்கிறேன், அதன் மேலேயே செக்மென்ட் ரிப்பன் கேபிள் மடிந்து கிடக்கிறது. இத்தனை நாள் கூரையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

கதிர்வேல்:
நல்லது, இனி வேலை எளிது. கிரிஸ்டலின் காலை முடிந்த மட்டும் குட்டையாக வெட்டி ஐசியின் 1, 2 பின்களை ஒட்டியே வையுங்கள். அதன் உலோகக் கூட்டை மெல்லிய கம்பியால் கிரவுண்டில் இணையுங்கள். சூட்டுக்கோலை ஒரு நொடிக்கு மேல் கூட்டில் வைக்க வேண்டாம், உள்ளே கெட்டுவிடும். சுற்றிலும் கிரவுண்டில் சேர்ந்த ஒரு கம்பி வளையம் போடுங்கள். கேபிளைப் பெட்டியின் மறுபக்கம் கொண்டுபோங்கள். கடைசியாக சால்டர் செய்ததில் ஒட்டிய ஃபிளக்ஸ் கறையை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்துவிடுங்கள், மழைக்காலத்தில் அது ஈரத்தை இழுக்கும்.

மிச்சமிருக்கும் அரை வினாடியைத் திருத்தக் கார்த்தி சொன்ன வழி சரிதான், ஒன்றைக் கவனித்தால். டிஎஸ் 1307-இல் வினாடிப் பதிவேட்டில் எதை எழுதினாலும் உள்ளே எண்ணிக்கொண்டிருப்பது முதலிலிருந்து தொடங்கும். வினாடியின் நடுவில் எழுதினால் ஒவ்வொரு முறையும் அரை வினாடி தொலையும். ஆகவே வினாடி மாறிய உடனே எழுதுங்கள். நேரம் 3 மணி 0 நிமிடம் 30 வினாடி போல இருக்கட்டும், 59-ஐ ஒட்டி வேண்டாம், அங்கே நிமிடமும் சேர்ந்து மாறும்.

வானிலை மாறினால் இந்தத் திருத்தக் கணக்கும் மாறும். அதற்கு டிஎஸ் 3231 ஐசி நல்லது. 64 வினாடிக்கு ஒருமுறை தன் சூட்டைத் தானே அளந்து சரிசெய்துகொள்ளும். 0 முதல் 40 டிகிரிக்குள் 2 பிபிஎம், ஆண்டுக்கு ஒரு நிமிடம்தான் பிசகும். நீல நிற மாட்யூல் வாங்கினால் அதில் பேட்டரியை சார்ஜ் செய்யும் ரெசிஸ்டர் இருக்கும். சார்ஜ் செய்யக் கூடாத சாதாரண சிஆர் 2032 பேட்டரி போடுவதாக இருந்தால் அந்த ரெசிஸ்டரை முதலில் எடுத்துவிடுங்கள்.

மலர்:
கேபிளை மாற்றி 30 நாள் ஆகிறது. 2 நாளுக்கு ஒருமுறை 1 வினாடி கூட்டுகிறேன், வினாடி மாறிய உடனே. இன்று காலை கைப்பேசியோடு ஒப்பிட்டேன், 2 வினாடிதான் வித்தியாசம். ரொம்ப நன்றி ஐயா. கார்த்தி, நாளுக்கு எத்தனை வினாடி கழிக்கிறீர்கள்? உங்கள் பெட்டியையும் ஒருமுறை திறந்து கேபிள் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள்.